பழைய ஐமேக், வெளியே ஒரு எஸ்எஸ்டி

புத்தக லேஅவுட் செய்யும் அண்ணன் ஒருவரிடம் 2017 மாடல் ஐமேக் (திரைக்குள்ளேயே முழுக் கணினியும் அடங்கிய ஆப்பிள் மாடல்) இருக்கிறது. 21.5 அங்குலம், 4கே திரை, ஏழாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர், 8 ஜிபி ரேம், உள்ளே 1 டிபி ஹார்ட் டிஸ்க். பக்க வடிவமைப்புக்கு இன்றைக்கும் தாராளமாகப் போதும். ஆனால் காலையில் ஆன் செய்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால்தான் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனைத் தொட முடியும் என்கிற நிலைமைக்கு வந்திருந்தது. எழுத்துரு மெனுவை இழுத்தால், காத்திரு என்று மேக் காட்டும் வண்ணப் பந்து சுற்ற ஆரம்பித்துவிடும். "தம்பி, இதைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கிடலாமா?" என்றார். அந்தத் திரையைப் பார்த்தபோது தள்ளிவிட மனம் வரவில்லை. அப்படி ஒரு திரையைத் தனியாக வாங்கப் போனால் விலை கையைக் கடிக்கும்.

முதலில், கணினிக்குள் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு அவரை வழக்கம்போல வேலை செய்யச் சொன்னேன். பந்து சுற்றும் நேரத்தில் ப்ராசஸர் பெரும்பாலும் சும்மா இருந்தது. ரேமும் கழுத்தைப் பிடிக்கும் அளவுக்கு நிரம்பவில்லை. எல்லாரும் காத்துக்கிடந்தது அந்த ஒரு டிஸ்க்குக்காக.

இந்த மாடலில் ஆப்பிள் வைத்தது நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க், மடிக்கணினிகளில் வரும் 2.5 அங்குல அளவு. 5400 என்றால் நொடிக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. கேட்ட தகவல், அதைப் படிக்கும் ஹெட்டுக்குக் கீழே வந்து சேரவே சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் ஹெட் சரியான தடத்துக்கு நகர வேண்டும். இரண்டையும் கூட்டினால் ஒரு கோரிக்கைக்குப் பத்துப் பதினைந்து மில்லிநொடி போய்விடும். அதாவது நொடிக்கு நூறு கோரிக்கையைத் தாண்டாது. பெரிய வீடியோ ஒன்றை வரிசையாகப் படிப்பதற்கு இது பெரிய குறையில்லை. ஆனால் ஒரு லேஅவுட் கலைஞரின் கணினியில் நூற்றுக்கணக்கில் எழுத்துருக் கோப்புகள் கிடக்கும். யூனிகோட் எழுத்துரு, பழைய குறிமுறை எழுத்துரு, பதிப்பகத்துக்கு ஒரு தொகுப்பு என்று சிறு சிறு கோப்புகளாக அத்தனையையும் திறந்து பார்க்க வேண்டும். அது ஒரே கவுன்டர் உள்ள ரேஷன் கடை போல. வரிசை எவ்வளவு நீளம் என்றாலும் ஆள் ஒருவர்தான்.

அண்ணனுக்கு ஒரு சந்தேகம். "வாங்கின புதுசுல இப்படி இல்லையே தம்பி?" உண்மைதான். 2018-இல் வந்த மேக்ஓஎஸ் மொஹாவே பதிப்பு, ஹார்ட் டிஸ்க்குகளையும் ஏபிஎஃப்எஸ் என்ற புதிய கோப்பு முறைக்கு மாற்றியது. அதற்கு முந்தைய ஹை சியரா, எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே தகவல் வைக்கும் டிஸ்க்) வைத்திருந்தவர்களை மட்டும்தான் மாற்றியிருந்தது. ஏபிஎஃப்எஸ் எஸ்எஸ்டியை மனதில் வைத்துக் கட்டப்பட்டது. ஒரு கோப்பைத் திருத்தினால் பழைய இடத்தின் மேலேயே எழுதாமல் புது இடத்தில் எழுதும். எஸ்எஸ்டிக்கு எந்த இடமும் ஒன்றுதான். ஹார்ட் டிஸ்க்கிலோ தகவல் நாளாக நாளாக நாலா பக்கமும் சிதறி, ஹெட் அங்குமிங்கும் ஓடிக்கொண்டே இருக்கும். அப்டேட் போடப் போட வண்டி நொண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, உள்ளே இருக்கும் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டுவிடலாமே என்றால், இங்கேதான் ஆப்பிள் நம்மைச் சோதிக்கிறது. 2011 வரை வந்த ஐமேக்குகளில் முன்கண்ணாடி காந்தத்தில் நிற்கும். உறிஞ்சு குமிழ் வைத்து இழுத்தால் வந்துவிடும். 2012 கடைசியில் வந்த மெல்லிய வடிவத்திலிருந்து திரையை ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டார்கள். சுற்றிலும் அந்த நாடாவை அறுத்து, திரையை மெல்ல நிமிர்த்தி, கேபிள்களைக் கழற்றி, வேலை முடிந்ததும் பழைய நாடாவைச் சுரண்டிப் புது நாடா ஒட்ட வேண்டும். பழகின கைக்கு இது முடியாத வேலை இல்லை. விசாரித்த கடையில் இருந்தவர் நேர்மையாகவே சொன்னார்: "செஞ்சு தர்றேன் சார். ஆனா ஸ்க்ரீன் விரிசல் விட்டா என் பொறுப்பு இல்ல." திரைக்காகத்தான் இந்தக் கணினியையே வைத்திருக்கிறோம். அதைப் பணயம் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆகவே எஸ்எஸ்டியை வெளியே வைத்து அதிலிருந்தே பூட் செய்வது, அதாவது கணினியை எழுப்புவது என்று முடிவானது. இன்டெல் மேக்குகளில் இது ஏதோ குறுக்கு வழி கிடையாது. ஆப்பிளே அனுமதிக்கும் வழி. கணினியின் பார்வையில் உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே மாதிரியான பூட் டிஸ்க்தான்.

இங்கே முதல் கேள்வி, எந்தப் போர்ட்டில் செருகுவது என்பது. 2017 ஐமேக்கின் பின்பக்கம் நான்கு சாதாரண யூஎஸ்பி 3 போர்ட்டும், யூஎஸ்பி-சி வடிவில் இரண்டு தண்டர்போல்ட் 3 போர்ட்டும் இருக்கின்றன. சாதாரணப் போர்ட்டின் வேகம் 5 ஜிகாபிட். நடைமுறையில் நொடிக்கு 400 எம்பியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். சின்ன வாயுள்ள அந்த இரண்டு போர்ட்டிலும் யூஎஸ்பி கருவிகளுக்கே 10 ஜிகாபிட் கிடைக்கும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தண்டர்போல்ட் எஸ்எஸ்டி போட்டால் இன்னும் பல மடங்கு போகலாம். ஆனால் விலையும் அப்படியே ஏறும். லேஅவுட் வேலைக்கு அது வீண்செலவு. 5 ஜிகாபிட்டே போதும் என்றுகூட வாதாடுவேன், ஏனென்றால் மனிதன் உணர்கிற வித்தியாசம் அந்தப் பதினைந்து மில்லிநொடி ஒழிவதில்தான் இருக்கிறது. காலியான போர்ட் இருந்தது, விலை வித்தியாசமும் பெரிதில்லை, அதனால் 10 ஜிகாபிட்டுக்குப் போனோம். 20 ஜிகாபிட் என்று அட்டையில் போட்டு விற்பவற்றுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். இந்த ஐமேக் அந்த முறையை ஏற்பதில்லை, அதுவும் 10-இல்தான் ஓடும்.

ரெடிமேடாக வரும் சிறிய எஸ்எஸ்டிகளே இந்த வேலைக்குப் போதும். சாம்சங் டி7 போன்றவை 10 ஜிகாபிட்தான், பெட்டியைத் திறந்து செருகினால் முடிந்தது. நான் தனியாக 1 டிபி என்விஎம்இ (சிறு பட்டை வடிவில் வரும் வேகமான வகை) எஸ்எஸ்டியும் அதற்கு ஓர் அலுமினியப் பெட்டியும் வாங்கச் சொன்னேன். பெட்டியில் இருக்கும் சிப் போய்விட்டால் பெட்டியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், தகவல் எஸ்எஸ்டியில் பத்திரமாக இருக்கும். பெட்டி வாங்கும்போது உள்ளே என்ன சிப் என்று பாருங்கள். ரியல்டெக் ஆர்டிஎல்9210பி என்று போட்டிருந்ததை எடுத்தோம். சிப் பெயரையே சொல்லாமல் "அதிவேகம்" என்று மட்டும் எழுதியிருக்கும் பெட்டியைத் தொடாதீர்கள். ஆன்லைனில் 16 டிபி எஸ்எஸ்டி சில ஆயிரம் ரூபாய்க்கு என்று வரும் சரக்கு வேறு இருக்கிறது. பிரித்தால் உள்ளே ஒரு மெமரி கார்டு, பொய்க் கொள்ளளவைக் காட்டும்படி மாற்றிய மென்பொருளோடு உட்கார்ந்திருக்கும். கொஞ்ச நாள் நன்றாக எழுதும். உண்மையான கொள்ளளவு தாண்டியதும் பழைய கோப்புகளைத் தின்ன ஆரம்பிக்கும்.

பெட்டியில் எஸ்எஸ்டியைப் பொருத்துவது ஐந்து நிமிட வேலை. சற்றுச் சாய்வாகச் செருகி, அழுத்திப் படுக்க வைத்து, நுனியில் ரப்பர் முளையால் பூட்ட வேண்டும். அதன் மேல் வைக்க ரப்பர் போன்ற ஒரு வெப்பப் பட்டை தருவார்கள். அதன் இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். ஒரு பக்கத் தாள் நீல நிறம், கண்ணில் பட்டுவிடும். இன்னொன்று நிறமே இல்லாதது, நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால்தான் தெரியும். அதை உரிக்காமல் விட்டால் வெப்பம் பெட்டிக்கு இறங்காது. மூடிய பிறகு பட்டை மேல்மூடியைத் தொடுகிறதா என்று ஒருமுறை திறந்து பார்க்கலாம். தொட்டிருந்தால் அச்சு பதிந்திருக்கும். என்விஎம்இ பெட்டி சூடாகத்தான் செய்யும். கை வைத்தால் வெதுவெதுப்பாக இருப்பது நல்ல அறிகுறி, உள்ளே இருக்கும் சூடு வெளியே வருகிறது என்று அர்த்தம்.

கேபிள் விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. பெட்டியோடு வந்த கேபிள் ஒரு சாண் நீளம்தான். நீளமாக இருந்தால் வசதி என்று அண்ணன் போன் சார்ஜர் கேபிளை எடுத்து நீட்டினார். வித்தியாசத்தைக் காட்டுவதற்காகவே அதைச் செருகினேன். இரண்டு முனையும் யூஎஸ்பி-சி, பார்வைக்கு அச்சு அசல் அதே கேபிள். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யூஎஸ்பி பகுதியைத் திறந்தால், பெட்டியின் பெயருக்குக் கீழே வேகம் 480 மெகாபிட் என்று காட்டியது. அது யூஎஸ்பி 2-இன் வேகம். சார்ஜ் ஏற்றுவதற்கென்று வரும் பெரும்பாலான கேபிள்கள் இப்படித்தான், ஆப்பிளின் சொந்தச் சார்ஜ் கேபிளும் உட்பட. பெட்டியின் கேபிளைத் திரும்பப் போட்டதும் 10 ஜிகாபிட் என்று வந்தது. எஸ்எஸ்டி போட்டும் வேகம் வரவில்லை என்று யாராவது புலம்பினால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த ஒரு வரியைத்தான்.

அடுத்து ஃபார்மேட். டிஸ்க் யுடிலிட்டியைத் திறந்தால் இடப்பக்கம் வால்யூம்களை மட்டும்தான் காட்டும். வியூ மெனுவில் எல்லாச் சாதனங்களையும் காட்டு என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் முழு எஸ்எஸ்டியும் தலைப்பாகத் தெரியும். அந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுத்து, ஏபிஎஃப்எஸ், ஜியூஐடி பார்ட்டிஷன் மேப் (டிஸ்க்கின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணை) என்று கொடுத்து அழிக்க வேண்டும். கடையிலிருந்து வரும் எஸ்எஸ்டி பெரும்பாலும் விண்டோஸுக்கு ஏற்றபடி வந்திருக்கும். கீழே உள்ள வால்யூமை மட்டும் அழித்தால் பார்ட்டிஷன் மேப் மாறாமல் அப்படியே நின்றுவிடும். அப்புறம் இன்ஸ்டாலர் இந்த டிஸ்க்கில் நிறுவ முடியாது என்று முரண்டு பிடிக்கும்.

2017 ஐமேக்குக்கு ஆப்பிள் மேக்ஓஎஸ் வெஞ்சுரா பதிப்போடு நிறுத்திக்கொண்டது. அதன் இன்ஸ்டாலரைப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தபடியே இறக்கி ஓட்டினோம். எந்த டிஸ்க்கில் நிறுவுவது என்று கேட்கும் இடத்தில் எல்லா டிஸ்க்குகளையும் காட்டு என்ற பட்டனை அழுத்தி வெளி எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றதெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும், நடுநடுவே தானாக அணைந்து எழும்.

உள்ளே இருப்பதை அப்படியே குளோன் (அச்சு அசல் நகல்) எடுத்துவிடலாமே என்று பழைய மேக் ஆட்கள் கேட்பார்கள். ஒரு காலத்தில் அதுதான் வழி. மேக்ஓஎஸ் பிக் சர் பதிப்பு முதல் சிஸ்டம் பகுதி ஆப்பிள் முத்திரையிட்ட தனி வால்யூமாகிவிட்டதால் பூட் ஆகும் குளோன் எடுப்பது தலைவலியாகிவிட்டது. புதிதாக நிறுவி, மைக்ரேஷன் அசிஸ்டென்ட் மூலம் பழைய கணக்கை இழுத்துக்கொள்வதுதான் இப்போது சுலபம். இழுக்கும் வேகத்தைத் தீர்மானிப்பது அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்தான், அதை யாரும் அவசரப்படுத்த முடியாது. மாலையில் தொடங்கிவிட்டு வீட்டுக்குப் போனோம், காலையில் முடிந்திருந்தது.

எந்த டிஸ்க்கிலிருந்து எழ வேண்டும் என்று ஒருமுறை சொல்லி வைக்க வேண்டும். சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் ஸ்டார்ட்டப் டிஸ்க் என்று இருக்கும், அங்கே எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும். இதைச் செய்யாவிட்டால் கணினி ஆன் ஆகும்போது எங்கிருந்து எழுவது என்று தேடுவதிலேயே கொஞ்ச நேரம் வெள்ளைத் திரையோடு நிற்கும். அவசரத்துக்கு வேறு டிஸ்க்கிலிருந்து எழ வேண்டுமானால், பவர் பட்டனை அழுத்தியதும் ஆப்ஷன் கீயைப் பிடித்துக்கொண்டால் டிஸ்க்குகளின் படம் வரும். வயர்லெஸ் கீபோர்டு சில சமயம் தாமதமாகத்தான் இணையும். அந்த நேரத்துக்கு மட்டும் கேபிள் போட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸ் கீபோர்டு என்றால் ஆல்ட் கீ.

முதல் சில மணி நேரம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மேக்கின் தேடல் வசதியான ஸ்பாட்லைட் எல்லாக் கோப்புகளையும் புதிதாக அட்டவணையிடும், போட்டோஸ் தன் பங்குக்கு ஏதோ உருட்டும். அது அடங்கிய பிறகு பிளாக்மேஜிக் டிஸ்க் ஸ்பீட் டெஸ்ட்டில் பார்த்தோம். முன்பு நொடிக்கு நூறு எம்பியைத் தொடவே திணறிய எண், 900-ஐ ஒட்டி நின்றது. அண்ணன் அந்த எண்ணைக் கண்டுகொள்ளவே இல்லை. இன்டிசைனைத் திறந்தார், எழுத்துரு மெனுவை மேலும் கீழும் இழுத்தார், அது நிற்காமல் ஓடியது. "இது போதும் தம்பி" என்றார். 8 ஜிபி ரேம் குறைவுதான். ஆனால் ரேம் நிரம்பியதும் டிஸ்க்குக்குத் தள்ளி எடுக்கும் வேலை இப்போது எஸ்எஸ்டியில் நடப்பதால் முன்பு போல உறைந்து நிற்பதில்லை. அப்படி எழுதி எழுதி எஸ்எஸ்டி தேய்ந்துவிடாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. நல்ல 1 டிபி எஸ்எஸ்டிகள் 600 டிபி வரை எழுதுவதற்கு உத்தரவாதம் தருகின்றன. தினம் 50 ஜிபி எழுதினாலும் வருடத்துக்கு 18 டிபிதான். அதற்குள் ஐமேக்கே போய்ச் சேர்ந்துவிடும்.

ஒரு வினோதமான தொல்லை வந்தது. மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தது. எஸ்எஸ்டியில் பெரிய கோப்பு எழுதும்போது மட்டும் அம்புக்குறி தவளைபோல் தாவும். புளூடூத் மவுஸ் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். யூஎஸ்பி 3 கேபிளும் பெட்டியும் ஓடும்போது அதே அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. பெட்டியை மேசை மேல் கீபோர்டுக்கும் மவுஸுக்கும் நடுவே போட்டு வைத்திருந்ததுதான் காரணம். பின்னால் தள்ளியதும் மவுஸ் ஒழுங்காகிவிட்டது. மவுஸ் கெட்டுப்போய்விட்டது என்று புது மவுஸ் வாங்கினவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

பெட்டிக்கு நிரந்தர இடமாக ஐமேக்கின் காலைத் தேர்ந்தெடுத்தோம். அலுமினியக் காலின் பின்பக்கம் வெல்க்ரோ ஒட்டி அதில் பெட்டியை மாட்டினால் முன்னாலிருந்து தெரியவே தெரியாது, அந்த ஒரு சாண் கேபிளும் எட்டும். திரையின் முதுகில் ஒட்ட வேண்டாம். அதுவே சூடாகும் இடம், எஸ்எஸ்டியின் சூடும் சேரும். கேபிளைக் காலோடு சேர்த்து ஒரு கட்டுக் கட்டிவிட்டேன். பூட் டிஸ்க்கின் கேபிள் ஓடும்போது கழன்றால் கணினி அந்த இடத்திலேயே உறைந்துவிடும், சேமிக்காத பக்கம் போனதுதான். அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்க வரும் அக்காவிடமும் காட்டிச் சொல்லியாயிற்று: "அக்கா, இந்த ஒயரை மட்டும் தொட்டுடாதீங்க." யூபிஎஸ் ஏற்கனவே இருந்தது. இல்லாவிட்டால் அதையும் வாங்கச் சொல்லியிருப்பேன்.

எனர்ஜி சேவர் பகுதியில் ஹார்ட் டிஸ்க்குகளைத் தூங்க வை என்ற அமைப்பை அணைத்துவிட்டேன். சில பெட்டிகள் தூங்கி எழும்போது தடுமாறும், பூட் டிஸ்க் அப்படித் தடுமாறக் கூடாது. அப்புறம் டிரிம். அழித்த இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ஏற்பாடு அது. தண்டர்போல்ட் எஸ்எஸ்டிகளுக்கு மேக்ஓஎஸ் அதைச் செய்கிறது. யூஎஸ்பி வழியாக வருவதை நம்பி இருக்க வேண்டாம். அதற்குப் பரிகாரம் எளிது. ஐந்தில் ஒரு பங்கு இடத்தை எப்போதும் காலியாக விட்டுவிட்டால், எஸ்எஸ்டி தன் வீட்டு வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

உள்ளே கிடக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கை உடனே அழிக்கவில்லை. ஒரு புத்தகம் முழுதாக அச்சுக்குப் போய்ச் சேரும் வரை அப்படியே விட்டு வைத்தோம், ஏதாவது எழுத்துரு விட்டுப் போயிருந்தால் எடுக்கலாம் அல்லவா. அதற்குப் பிறகு அழித்து, மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷினுக்குக் கொடுத்துவிட்டோம். மெதுவாக ஓடுகிற டிஸ்க்குக்கு பேக்கப்பை விடப் பொருத்தமான வேலை இல்லை. ஆனால் அதுவும் 2017-இல் பிறந்ததுதான். அதை மட்டுமே நம்பாமல், வாரம் ஒருமுறை செருகும் இன்னொரு டிஸ்க்கும் இருக்கிறது.

இதே வேலையை வேறு ஐமேக்கில் செய்ய நினைப்பவர்களுக்கு: 2012 கடைசி முதல் 2015 வரையிலான மாடல்களில் யூஎஸ்பி-சி இல்லை, 5 ஜிகாபிட்தான். அதற்குச் சாதாரண சாட்டா (என்விஎம்இயை விட மெதுவான பழைய வகை) எஸ்எஸ்டியே போதும், என்விஎம்இக்குச் செலவு செய்யாதீர்கள். 2011-க்கும் அதற்கு முன்பும் வந்தவற்றில் இருப்பது யூஎஸ்பி 2. அதன் வழியாக வெளியே எஸ்எஸ்டி போட்டுப் பயனில்லை, கண்ணாடியைக் கழற்றி உள்ளேயே மாற்றிவிடுங்கள், சுலபம்தான். 2019 ஐமேக்குக்கு, வெஞ்சுராவோடு நிற்கும் என்பதைத் தவிர, இங்கே சொன்னது எல்லாம் பொருந்தும். 2020-இல் வந்த 27 அங்குல மாடலிலும் ஐமேக் ப்ரோவிலும் டி2 என்ற ஆப்பிளின் பாதுகாப்பு சிப் இருக்கிறது. வெளி டிஸ்க்கிலிருந்து எழ அது விடாது. முதலில் கமாண்ட்-ஆர் அழுத்தி ரிகவரிக்குள் போய், ஸ்டார்ட்டப் செக்யூரிட்டி யுடிலிட்டியில் அனுமதி கொடுக்க வேண்டும். 2021 முதல் வரும், ஆப்பிளின் சொந்த எம் வகை சிப் உள்ள ஐமேக்குகள் வெளி டிஸ்க்கிலிருந்து எழும் என்றாலும், உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி உயிரோடு இருந்தால்தான் எழும், பூட் ஆவதன் ஆரம்பக்கட்டம் அதில்தான் நடக்கிறது. டி2 இல்லாத பழைய இன்டெல் ஐமேக்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உள்ளே இருக்கும் டிஸ்க் முழுதாகச் செத்துப்போனாலும் வெளியே இருப்பதை வைத்துக்கொண்டு அது பாட்டுக்கு ஓடும்.